அப்பாவின் கடையும் மகனின் அடுப்பும்
பிரேசிலின் மொக்கொத்தோ உணவகத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

“படித்து முடித்த பிறகு என்ன செய்யப் போகிறாய்?” என்னும் வினாவை எதிர்கொள்ளாத பல்கலைக்கழக மாணவர் இல்லை. ஒட்டுக்கடையோ உணவகமோ நடத்தும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு அவ்வினா சற்று வேறு உருவில் வரும். “உன்னைப் படிக்க வைத்ததே இந்த அடுப்படிக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான்” என்று அம்மா சொல்வார். “எனக்குப் பிறகு கடையை யார் பார்ப்பது?” என்று அப்பா வாய்விட்டுக் கேட்கமாட்டார், ஆனால் அந்தக் கேள்வி அவர் முகத்தில் இருக்கும். இக்கட்டுரையாளரும் அத்தகைய வீட்டுப் பிள்ளைதான்.

படித்த பிள்ளை கடைக்குத் திரும்புவது தோல்வியா? திரும்பினால் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது? ஏழைகளின் உணவு என்று ஒதுக்கப்பட்டதை, அதன் இயல்பு கெடாமல் மதிப்புக்குரியதாக ஆக்க முடியுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கான களமாகப் பிரேசில் நாட்டின் சாவ் பாவுலோ நகரில் உள்ள ‘மொக்கொத்தோ’ என்னும் குடும்ப உணவகம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதைத் தொடங்கியவர் ஜோசே அல்மேய்டா. அதை உலகம் அறியச் செய்தவர் அவருடைய மகன் ரோட்ரிகோ ஒலிவேரா.

பிரேசில் என்றதும் காற்பந்தும் அமேசான் காடும் நம் நினைவுக்கு வரும். ‘அவர்கள் சமையலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?’ என்று வாசகர் கேட்கலாம். தொடர்பு உண்டு. அதுவும் மிக நெருங்கிய தொடர்பு. அதனைக் கட்டுரையின் இரண்டாம் பகுதியில் காண்போம்.

1. வறண்ட நிலமும் அதன் உணவும்

பிரேசிலின் வடகிழக்கு வட்டாரத்தில் ஒன்பது மாநிலங்கள் உள்ளன. கடலோரம் செழிப்பானது, கரும்பு விளைவது. உள்நாடோ வறண்டது. அவ்வுள்நாட்டைச் ‘செர்தாவ்’ என்பர். முட்செடிகளும் கள்ளியும் நிறைந்த அந்நிலத்தின் காட்டுக்குக் ‘காச்சிங்கா’ என்று பெயர். தூப்பி என்னும் பழங்குடி மொழியில் இதற்கு ‘வெண்காடு’ என்பது பொருள். கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து, மரங்கள் வெளுத்த குச்சிகளாக நிற்பதால் வந்த பெயர் இது. நம் இலக்கியம் கூறும் ஐந்திணையில் வைத்துப் பார்த்தால் இதைப் பாலை எனலாம்.

பாலை நிலத்தின் சமையல் பசியிலிருந்தும் சிக்கனத்திலிருந்தும் பிறக்கிறது. செர்தாவ் மக்களின் உணவுப் பொருள்களைக் கீழ்க்காணுமாறு தொகுக்கலாம்.

முதலாவது, மரவள்ளிக் கிழங்கு. அதைத் துருவி, பிழிந்து, வறுத்துப் பொடியாக்கி வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் கெடாது. கசப்பு மரவள்ளியில் நஞ்சு உண்டு. துருவிப் பிழிந்து சூடாக்கினால் நஞ்சு நீங்கும் என்பதைக் கண்டறிந்தவர்கள் தென்னமெரிக்கப் பழங்குடியினர். பிழிந்த நீரின் அடியில் படியும் வெண்மாவே ‘தப்பியோக்கா’. அச்சொல்லும் தூப்பி மொழிச் சொல்லே.

இரண்டாவது, ‘கார்னி டி சோல்’ எனப்படும் உப்பிட்ட இறைச்சி. ‘வெயில் இறைச்சி’ என்பது அதன் நேர்ப்பொருள். இலேசாக உப்புத் தடவி, காற்றோட்டமான நிழலில் உலரவிடுவார்கள். குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் இறைச்சியைக் காத்த முறை இது. நம்மவர் வீட்டு உப்புக்கண்டத்துக்கு இது தூரத்து உறவு.

மூன்றாவது, ‘புட்டி வெண்ணெய்’. வெண்ணெயை உருக்கித் தெளியவைத்துப் புட்டியில் அடைத்து வைப்பார்கள். அதாவது நெய். நான்காவது, ‘இரப்பதூரா’. கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக வார்ப்பது. அதாவது வெல்லம். இவற்றோடு காராமணிப் பயறு, சோளம், ஆட்டிறைச்சி, ‘கோவால்யோ’ என்னும் கெட்டிப் பாலாடைக்கட்டி, தாராளமாகக் கொத்துமல்லித் தழை ஆகியவையும் சேர்ந்தால் செர்தாவ் அடுக்களை நிறைவு பெறும்.

இப்பட்டியலைப் படிக்கும் தமிழர் ஒருவருக்கு இதில் அந்நியமாகத் தோன்றுவது மிகக் குறைவே. நெய், வெல்லம், காராமணி, மரவள்ளி, கொத்துமல்லி, உப்புக்கண்டம் ஆகிய அனைத்தையும் நம் பாட்டிமார் அறிவர். வெயிலும் வறட்சியும் ஒன்றானால் மக்கள் கண்டுபிடிக்கும் வழிகளும் ஏறக்குறைய ஒன்றாகின்றன.

2. இரு மக்களையும் இணைத்த ஒரு மரம்

1877 முதல் 1879 வரை வடகிழக்குப் பிரேசிலைப் பெரும் வறட்சி தாக்கியது. சியாரா மாநிலம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். அதே ஆண்டுகளில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தில் கொடிய பஞ்சம் நிலவியது. இரு பேரழிவுகளுக்கும் பின்னால் இருந்தது பசிபிக் பெருங்கடலின் ஒரே ‘எல் நினோ’ வெப்பமாற்றம் என்று இன்றைய காலநிலை ஆய்வாளர்கள் கூறுகின்றனர். மழை பொய்த்தது இயற்கையால். மக்கள் மாண்டதற்கு ஆட்சியாளரின் புறக்கணிப்பும் காரணம்.

வறட்சிக்குத் தப்பிய சியாரா மக்கள் பலர் அமேசான் காட்டுக்குப் பால்மரம் சீவச் சென்றனர். அக்காலக்கட்டத்தில்தான், 1876இல், ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் அமேசானிலிருந்து சுமார் 70,000 இரப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றின் வழிவந்த மரங்களே மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களாக விரிந்தன. அம்மரங்களைச் சீவத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் கப்பலேறினர். 1913ஆம் ஆண்டளவில் ஆசியத் தோட்ட இரப்பர் அமேசான் காட்டு இரப்பரை விஞ்சியது. இங்கே தோட்டங்கள் வளர, அங்கே அமேசான் நகரங்கள் வீழ்ந்தன.

கதை அத்துடன் முடியவில்லை. 1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் நேச நாடுகளுக்கு ஆசிய இரப்பர் கிடைக்காமல் போயிற்று. அமெரிக்காவோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி பிரேசில் அரசு 50,000க்கும் மேற்பட்டோரை அமேசானுக்குப் பால்மரம் சீவ அனுப்பியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வடகிழக்கு மக்கள். ‘இரப்பர் படைவீரர்கள்’ என்று அழைக்கப்பட்ட அவர்களில் ஆயிரக்கணக்கானோர் காய்ச்சலிலும் பசியிலும் மடிந்தனர். அதே ஆண்டுகளில்தான் நம் தோட்டப்புறத் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எஞ்சியோர் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தனர். அக்கிழங்கும் பிரேசில் நாட்டைச் சேர்ந்ததே. போர்த்துக்கீசியர் வழியாகப் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆசியாவை எட்டியது.

ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள் ஒரே வறட்சியையும் ஒரே மரத்தையும் ஒரே கிழங்கையும் பகிர்ந்துகொண்டிருக்கின்றனர். வடகிழக்குப் பிரேசிலியர் ஒருவரின் கடையைப் பற்றி நாம் படிப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

3. அல்மேய்டாவின் கடை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடகிழக்கு மக்களின் பயணம் தெற்கு நோக்கித் திரும்பியது. சாவ் பாவுலோ தொழிற்சாலைகளின் நகரமாக வளர்ந்துகொண்டிருந்தது. திறந்த சுமையுந்துகளில் குறுக்கே பலகைகளைப் பொருத்தி, அவற்றின்மேல் நாள்கணக்கில் அமர்ந்து குடும்பம் குடும்பமாகச் சென்றனர். இன்றைய பிரேசில் அதிபர் லூலா 1952இல் ஏழு வயதுச் சிறுவனாக அவ்வாறு பயணம் செய்தவரே. அவருடைய மாநிலம் பெர்னாம்புகோ. ஜோசே அல்மேய்டாவின் மாநிலமும் அதுவே.

வந்த இடத்தில் வேலை இருந்தது, மதிப்பு இல்லை. சாவ் பாவுலோவில் ‘பையானோ’ என்னும் சொல், பையா மாநிலத்தவரை மட்டுமன்றி வடகிழக்கிலிருந்து வந்த எவரையும் இழிவாகச் சுட்டும் சொல்லாகியது. ஊர்ப்பெயரே வசையாவதன் வலி நமக்கும் புதிதன்று. ஊரைவிட்டு வந்தவர்களுக்கு ஊரின் பொருள்கள் தேவைப்பட்டன. எனவே நகரெங்கும் ‘வடக்கு வீடு’ என்று பொருள்படும் சிறு கடைகள் முளைத்தன. மரவள்ளிப் பொடி, உப்பிறைச்சி, புட்டி வெண்ணெய், வெல்லக்கட்டி, கரும்புச் சாராயமான ‘கஷாசா’ ஆகியவை அங்கு விற்கப்பட்டன. நம் நாட்டில் மளிகைக் கடைகள் ஊர்க்காரர்கள் கூடும் இடமாக இருந்தது போலவே அக்கடைகளும் விளங்கின.

1973இல் அல்மேய்டா தம் உடன்பிறந்தாருடன் அப்படியொரு கடையைத் தொடங்கினார். சாவ் பாவுலோவின் வடபுறத்தில், நகர மையத்திலிருந்து வெகு தொலைவில் உள்ள வில்லா மெதேய்ரோஸ் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் அக்கடை நிலைகொண்டது. கடையில் பொருள்களோடு மாட்டுக்கால் சூப்பும் விற்றார். அதன் பெயர்தான் ‘மொக்கொத்தோ’. மாட்டுக்கால் நம்மில் பலர் வீட்டில் புழங்காத பொருள். ஆட்டுக்கால் சூப்பை நினைத்துக்கொண்டால் போதும். கால் எலும்பிலும் தசைநாரிலும் உள்ள புரதம் நெடுநேரக் கொதிப்பில் கரைந்து, சாற்றைக் கெட்டியாகவும் பசையாகவும் ஆக்குகிறது. விலை மலிவு, வயிறு நிறையும், உடலுக்கு வலு என்பது மக்களின் நம்பிக்கை. சூப்பின் புகழ் பரவப் பரவ, மளிகைக்கடை உணவுக்கடையாயிற்று. சூப்பின் பெயரே கடையின் பெயருமாயிற்று.

4. மகனின் வருகை

ரோட்ரிகோ 1980இல் பிறந்தவர். இளம் வயதிலேயே கடையில் தந்தைக்கு உதவியவர். ஆயினும் அடுப்படி அவருக்கென்று திட்டமிடப்பட்ட வாழ்க்கையன்று. பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொறியியல் பயிலச் சேர்ந்தார். பிறகு அதைக் கைவிட்டுச் சமையற்கலைப் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுத்தார். பொறியாளராக வேண்டிய பிள்ளை அடுப்படிக்குத் திரும்புவதை எந்தத் தந்தை எளிதில் ஏற்பார்?

இக்கடையைப் பற்றி எழுதுவோர் தவறாமல் குறிப்பிடும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2000களின் தொடக்கத்தில் அல்மேய்டா தம் சொந்த ஊரைப் பார்க்கப் பெர்னாம்புகோ சென்றிருந்தார். அந்த இடைவெளியில் மகன் கடையைப் புதுப்பித்துவிட்டார். திரும்பிவந்த தந்தை மகிழவில்லை, கடுஞ்சினம் கொண்டார். முப்பது ஆண்டுக்கால உழைப்பைத் தம்மைக் கேட்காமலேயே மாற்றிவிட்டான் என்று ஒரு தந்தை எண்ணினால் அதைத் தவறென்று சொல்ல முடியாது. மகன் செய்தது சரியான செயலைத் தவறான முறையில் செய்ததாகும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எனினும் தந்தையும் மகனும் பின்னர் ஒரே கடையில் சேர்ந்து உழைத்தனர். வாடிக்கையாளர் நிறைய நிறையக் கோபம் கரைந்திருக்க வேண்டும்.

ரோட்ரிகோ செய்த மாற்றங்களை மூன்றாக வகுக்கலாம்.

அ. முறையில் மாற்றம்: அவர் பதார்த்தங்களை மாற்றவில்லை, அவற்றைச் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தினார். கார்னி டி சோல் பொதுவாக வறண்டு, கடிக்கக் கடினமாக இருக்கும். அவர் அதைக் குறைந்த வெப்பத்தில் நெடுநேரம் வேகவைத்துப் பின்னர் நெருப்பில் வாட்டினார். உப்பின் சுவை நின்றது, இறைச்சி மென்மையாயிற்று. ‘தொறேஸ்மோ’ எனப்படும் பன்றித் தோல் வறுவலை இரு கட்டங்களில் சமைத்தார். முதலில் மிதமான சூட்டில் கொழுப்பு உருகும். ஆறிய பின் கடுஞ்சூட்டில் தோல் பொரியும். சமையற்பள்ளியில் கற்ற வெப்பவியலைத் தந்தையின் பாத்திரத்தில் பயன்படுத்தினார் என்று கூறலாம்.

ஆ. அளவில் மாற்றம்: அரிசி, காராமணி, பாலாடைக்கட்டி, உலர்இறைச்சி எல்லாம் சேர்த்துச் செய்யும் ‘பையாவ் டி டோயிஸ்’ முதலிய பதார்த்தங்கள் சிறியது முதல் பெரியது வரை பல அளவுகளில் கிடைக்கச் செய்தார். தனியாக வரும் தொழிலாளியும் தன் கைப்பணத்திற்கேற்ப உண்ணலாம். குடும்பமாக வருவோரும் பலவற்றைச் சுவைக்கலாம்.

இ. மதிப்பில் மாற்றம்: கஷாசா மலிவான சாராயமாகவே கருதப்பட்டு வந்தது. அவர் நாட்டின் பல பகுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான வகைகளைத் திரட்டி, ஊர், மரப்பீப்பாய், முதிர்ச்சி ஆகியவற்றை விளக்கும் பட்டியலாக வழங்கினார். பொருள் அதேதான். அதைப் பற்றிப் பேசும் மொழி மாறியது. பேசும் மொழி மாறினால் பார்க்கும் பார்வையும் மாறும் என்பதை மொழிக்கழகத்தினராகிய நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

5. ஒரு பகடையின் கதை

மொக்கொத்தோவின் புகழை நாடெங்கும் கொண்டு சென்றது மாட்டுக்கால் சூப் அன்று. ரோட்ரிகோ புதிதாகப் படைத்த ‘தாதின்யோ டி தப்பியோக்கா’ என்னும் சிற்றுண்டி. போர்த்துக்கீசிய மொழியில் ‘தாது’ என்றால் பகடை. ‘தாதின்யோ’ என்றால் சிறு பகடை. செய்முறை எளியது. தப்பியோக்கா குருணையும் துருவிய கோவால்யோ பாலாடைக்கட்டியும் சம எடை. பால் அதன் இருமடங்கு. குருணையையும் கட்டியையும் கலந்து, உப்பும் வெண்மிளகும் சேர்த்து, கொதிக்கும் பாலை ஊற்றிக் கட்டிபடாமல் கிளற வேண்டும். தட்டில் சமமாகப் பரப்பி, மூன்று மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இறுகும். பகடை வடிவில் வெட்டி எண்ணெயில் பொரித்து, இனிப்பும் காரமும் கலந்த மிளகாய்ச் சாந்துடன் பரிமாறுவார்கள்.

இதன் அறிவியலையும் நோக்குவோம். சூடான பாலை உறிஞ்சிய மாவுச்சத்து உப்பிப் பசையாகிறது. குளிரில் அப்பசை இறுகுகிறது. கோவால்யோ சூட்டில் எளிதில் உருகி ஓடாத பாலாடைக்கட்டி. எனவே பொரிக்கும்போது வடிவம் கலையாது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மென்மை. நம் கடைகளில் கிடைக்கும் ஜவ்வரிசியும் இதே மரவள்ளி மாவினால் ஆனதே. ஆனால் அது உருட்டி வேகவைக்கப்பட்ட மணி. பிரேசிலின் குருணை ஒழுங்கற்ற வடிவில் உடைந்தது, பாலை விரைந்து உறிஞ்சக்கூடியது. ஆகவே ஜவ்வரிசியைக் கொண்டு செய்து பார்க்க விரும்பும் நண்பர்கள் முதலில் நன்றாக ஊறவைக்க வேண்டியிருக்கும்.

இச்சிற்றுண்டியில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இதிலுள்ள மூன்று பொருள்களுமே செர்தாவ் அடுக்களையில் காலங்காலமாக இருப்பவை. ஆனால் செர்தாவில் எந்தப் பாட்டியும் இதைச் செய்ததில்லை. மரபுக்குள் நின்றே புதியதைப் படைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. இலக்கணம் அறிந்தவன் புதுச்சொல் ஆக்குவது போன்றது இது. வேர்ச்சொல் பழையது; ஆக்கம் புதியது; கேட்பவருக்கோ எப்போதோ கேட்ட சொல்லாகவே தோன்றும்.

ரோட்ரிகோ செய்முறையை மறைக்கவில்லை. வெளிப்படையாகப் பகிர்ந்தார். இன்று பிரேசிலில் எண்ணற்ற மதுக்கூடங்களிலும் திருமண விருந்துகளிலும் தாதின்யோ பரிமாறப்படுகிறது. அதை உண்பவரில் பலர் அது ஒரு தனிமனிதரின் படைப்பு என்பதையே அறியாமல், பழைய வடகிழக்குப் பதார்த்தம் என்று நம்புகின்றனர். ஒரு சமையற்காரருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா? ஆனால் இதில் வருவாய் இழப்பும் உண்டு என்பதை மறுக்க முடியாது. செய்முறையை இரகசியமாக வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய நம் கடைக்காரர்களை இதை வைத்துக் குறைசொல்லலாகாது. அவரவர் நிலை வேறு.

6. மாறாதவை

மாற்றங்களைப் பார்த்தோம். மாறாதவை எவை என்பதே முதன்மையான வினா.

முதலாவது, இடம். அக்காலத்தில் சாவ் பாவுலோவின் உயர்தர உணவகங்களில் பிரெஞ்சு, இத்தாலியச் சமையலே கோலோச்சியது. 1999இல் அலெக்ஸ் அத்தாலா என்னும் சமையற்கலைஞர் ‘டோம்’ உணவகத்தைத் திறந்து அமேசான் பொருள்களை விருந்து மேசைக்குக் கொண்டுவந்தார். அது நாட்டின் கண்ணைத் திறந்த முயற்சி. ஆனால் அங்கே உண்ண வசதி வேண்டும். ரோட்ரிகோ வேறு வழியை எடுத்தார். கடையைப் பணக்காரர் வாழும் பகுதிக்கு இடம்பெயர்க்காமல் வில்லா மெதேய்ரோஸிலேயே நின்றார். நகரத்தின் செல்வர்கள் நெடுந்தொலைவு பயணம் செய்து, அக்கம்பக்கத்துத் தொழிலாளிகளோடு ஒரே வரிசையில் காத்திருந்தனர்.

இரண்டாவது, விலை. புகழ் ஏறியபோதும் அக்கம்பக்கத்தார் உண்ணமுடியாத இடமாக அது ஆகவில்லை. மிச்செலின் வழிகாட்டி நூல் பிரேசிலுக்கென முதன்முதலில் வெளிவந்தது 2015இல். அதில் நட்சத்திர மதிப்பீடு தவிர, தரமும் நியாய விலையும் உள்ள உணவகங்களுக்கென ‘பிப் குர்மோன்’ என்னும் பிரிவும் உண்டு. மொக்கொத்தோவுக்கு அப்பிரிவில் இடம் கிடைத்தது.

மூன்றாவது, சூப். அப்பாவின் மாட்டுக்கால் சூப் பட்டியலிலிருந்து ஒருநாளும் நீங்கவில்லை.

இங்கே ஒரு மாற்றுச் சான்றையும் எடுத்துக்காட்ட வேண்டும். 2013இல் ரோட்ரிகோ அதே தெருவில், மூலக்கடைக்கு அருகிலேயே, ‘எஸ்கினா மொக்கொத்தோ’ என்னும் இன்னோர் உணவகத்தைத் திறந்தார். அங்கே செர்தாவின் எல்லையைக் கடந்து, தம் விருப்பப்படி புதுமைச் சமையல் செய்தார். மிச்செலின் நட்சத்திரமும் பெற்றார். ஆனால் அவ்வுணவகம் நெடுங்காலம் நீடிக்கவில்லை, பின்னர் மூடப்பட்டது. நட்சத்திரம் பெற்றது மறைய, சூப் விற்ற கடை நிலைத்தது. இதிலிருந்து ‘புதுமை வேண்டாம்’ என்று முடிவு கட்டுவது அவசரமாகும். 2017இல் சாவ் பாவுலோவின் பாவுலிஸ்தா நெடுஞ்சாலையில் உள்ள பண்பாட்டு நிலையமொன்றில் ‘பலாயோ’ என்னும் உணவகத்தையும் அவர் திறந்தார். முயன்றார், மூடினார், மீண்டும் முயன்றார். ஆடிப்பார்க்கத் துணிவு தந்தது அசையாமல் நின்ற அப்பாவின் கடையே.

7. பசியை மறவாமை

வடகிழக்கின் பசியை உலகுக்கு முதலில் எடுத்துரைத்தவர்களில் ஒருவர் ஜோசுவே டி காஸ்ட்ரோ. பெர்னாம்புகோவின் தலைநகரான ரெசிஃபியில் பிறந்த மருத்துவர். 1946இல் ‘பசியின் புவியியல்’ என்னும் நூலை வெளியிட்டு, பசி என்பது விதியன்று, மனிதர் உண்டாக்கிய நிலை என்று நிறுவினார். 1964இல் இராணுவ ஆட்சி வந்ததும் நாடு திரும்ப முடியாத நிலைக்கு ஆளாகி, 1973இல் பாரிஸில் காலமானார். அல்மேய்டா கடையைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

ரோட்ரிகோவின் மனைவி அட்ரியானா சலாய் ஒரு வரலாற்றாய்வாளர். அவருடைய ஆய்வுத் துறையே பசியின் வரலாறு. 2020இல் கோவிட் பெருந்தொற்றினால் உணவகங்கள் கதவடைத்தபோது, இருவரும் வில்லா மெதேய்ரோஸில் ‘கெப்ராதா அலிமெந்தாதா’ என்னும் திட்டத்தைத் தொடங்கினர். ‘கெப்ராதா’ என்பது புறநகர் ஏழைக் குடியிருப்பைச் சுட்டும் பேச்சுவழக்கு. ‘உணவளிக்கப்பட்ட குடியிருப்பு’ என்று அதை மொழிபெயர்க்கலாம். மொக்கொத்தோவின் அடுப்பில் சமைத்த உணவும் மளிகைப் பொருள்களும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன.

இதனை வெறும் தருமமாகக் கொள்ளலாகாது. அக்கடையை ஐம்பது ஆண்டுகளாக வாழவைத்தவர்கள் அந்தக் குடியிருப்பு மக்கள். கடன் திரும்பச் செலுத்தப்பட்டது என்பதே பொருத்தமாகும். பசியிலிருந்து பிறந்த சமையல் தன் பிறப்பை மறக்கவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில கருத்துகளை நிறுவலாம்.

படித்த பிள்ளை கடைக்குத் திரும்புவது தோல்வியன்று. கற்றதைக் கொண்டு திரும்பினால் அது கல்வியின் பயனாகும். மாற்றம் பதார்த்தத்தின் முறையிலும் அதைப் பேசும் மொழியிலும் நிகழலாம். யாருக்காகக் கடை தொடங்கப்பட்டதோ அவர்களை வெளியேற்றும் மாற்றம் மட்டும் கூடாது. புதுமை செய்பவர் முதலில் பழையதை நன்றாகச் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்களைக் கேட்டுச் செய்வது நல்லது. ரோட்ரிகோவுக்குக் கிடைத்த மன்னிப்பு எல்லாருக்கும் கிடைக்கும் என்பது உறுதியில்லை.

நம் நாட்டிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் நகருக்கு வந்தபோது, பலரைக் காப்பாற்றியது அடுப்புதான். காலையில் தோசைக்கல், மாலையில் வடைச்சட்டி. அவற்றின்மேல் எழுந்த கட்டணத்தில்தான் நம்மில் சிலர் இப்பல்கலைக்கழகத்தில் அமர்ந்திருக்கிறோம். அக்கடைகளில் பல அடுத்த தலைமுறையைக் காணாமலே மூடப்படுகின்றன. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது; எல்லாப் பிள்ளைகளும் திரும்பவும் முடியாது. ஆனால் செய்முறையாவது நம்மோடு அழியாமல் இருக்கலாம்.

இக்கட்டுரைக்கான குறிப்புகளை எடுத்துக்கொண்டிருந்த விடுமுறையில், மீன் கறிக்கு மசாலை எவ்வளவு போடுவீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். “கண் அளவுதான், என்ன கேள்வி இது?” என்றார். அவர் அள்ளிப் போடுமுன் கையை மறித்து, கரண்டிக்குக் கரண்டி தராசில் நிறுத்து நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்பா வாடிக்கையாளருக்குத் தேநீர் ஆற்றியபடியே பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. கடை அடைக்கும் நேரத்தில் அருகில் வந்து, “புளி எவ்வளவுன்னு எழுதினியா? அது என்னோட அளவு, அம்மாவுக்குத் தெரியாது” என்றார்.

நோட்டில் ஒரு வரி கூடியது.